மூன்று மாநிலம், ஒரு செல்போன்

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது குடுபல்லி. பயணிகளுக்கான செயலிகளைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கறாரான இடம் கிடைப்பது கடினம்.

ஜோலார்பேட்டையை விட்ட மெமு வண்டி பச்சூர் தாண்டியதும் மேட்டில் ஏறத் தொடங்குகிறது. வேகம் குறைகிறது. ஜன்னலுக்கு வெளியே பாறையும் புதரும். பெட்டிக்குள் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் "ஹலோ... ஹலோ..." என்று கத்திவிட்டு, செல்போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். யாரோ ஒருவரின் மடியில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு பாதியில் உறைந்து நிற்கிறது. மல்லானூர், குப்பம், அதற்கு அடுத்து குடுபல்லி. இன்னும் இரண்டு ஸ்டேஷன் போனால் கர்நாடகம். ஜோலார்பேட்டைக்கும் பங்காருப்பேட்டைக்கும் நடுவே மொத்தமே சுமார் 75 கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று மாநிலங்கள், மூன்று மொழிகள், மூன்று அரசு பஸ் கழகங்கள்.

குடுபல்லி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத் தலைமையிடம். சுற்றுலாக் கையேடுகள் கண்டுகொள்ளாத ஊர். ஆனால் பயணிகளுக்குப் பஞ்சமில்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், 1997-ல் குப்பத்தில் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்தைத் தேடி வருகிறவர்கள், அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை அழைத்து வருகிறவர்கள், ஆடிக் கிருத்திகைக்குக் குடிவங்கா முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கும் மூன்று மாநில பக்தர்கள். இந்த மண்டலத்தில்தான் பிசாநத்தம், சிகரகுண்டா பக்கம் ஒரு காலத்தில் தங்கம் வெட்டினார்கள். கோலார் தங்கவயலை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டதும் அந்தக் கதையும் முடிந்தது.

நிர்வாகமும் ஒரு விசித்திரக் கலவை. தாசில்தார் ஆந்திர அரசுக்காரர். ஸ்டேஷனோ பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரயில்வே கோட்டத்தைச் சேர்ந்தது. சந்தையில் காதில் விழுவது தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சு.

பெருநகரத்தில் உட்கார்ந்துகொண்டு 'பயணிகளுக்குப் பயன்படும் பத்து செயலிகள்' என்று பட்டியல் போடுவது சுலபம். அந்தப் பத்தில் எத்தனை இந்த எல்லையோர ஊரில் தேறும் என்பதுதான் கேள்வி. பதில் சற்று ஆச்சரியமானது: செல்போனில் இருப்பதிலேயே பகட்டான செயலிகள் இங்கே முதலில் கையை விரிக்கின்றன. சிக்னல் இல்லாதபோதும் வேலை செய்யத் தெரிந்தவைதான் கடைசி வரை கூட வருகின்றன.

எல்லை தாண்டினால் அபராதம்

இன்றைய பயணிக்கு மறந்தே போய்விட்ட ஒரு கஷ்டம் உண்டு: ரோமிங். தொலைத்தொடர்புத் துறை நாட்டை வட்டங்களாகப் பிரித்தபோது மாநில எல்லைகளையே பெரும்பாலும் பின்பற்றியது. குப்பம் பக்கத்துக்காரர்களுக்கு இது தினசரித் தொல்லை. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனால்கூட போன் வேறு மாநிலக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். வருகிற அழைப்புக்கும் காசு போகும். 2015 ஜூலையில் நாடு முழுவதும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ களமிறங்கிய பிறகு நடந்த விலைப் போரில், 2017 வாக்கில் பெரிய நிறுவனங்கள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தையே கைவிட்டன. பயணச் செயலிகள் இந்த மூலைக்கு உண்மையில் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் தேடும் கட்டத்தில் ஊர்ப் பெயரை அடிக்கும்போதே முதல் வம்பு ஆரம்பிக்கிறது. பேச்சில் குடுபல்லெ, எழுத்தில் குடுபல்லி. இதே சித்தூர் மாவட்டத்தில், வேலூர் போகும் சாலையில், குடிபாலா என்று இன்னொரு மண்டலமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். சாலையிலோ நூறு கிலோமீட்டருக்கு மேல். தமிழ்ப் பயணிக்கு இது புதிதல்ல. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர் என்று பார்த்துப் பழகியவர்தான். ஊர்ப் பெயரோடு பக்கத்துப் பெரிய ஊரான குப்பத்தையும் சேர்த்து அடித்தால் பாதி வம்பு தீரும். வரைபடச் செயலியில் அந்தப் பகுதியை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டால் மீதிப் பாதியும் தீரும். கூகுள் மேப்ஸ் இதற்கு இடம் தருகிறது. சிக்னல் போனாலும் வழி போகாது.

ரயிலுக்கு எது?

ரயில் செயலி என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது ஐ.ஆர்.சி.டி.சி. குடுபல்லிக்கு அதனால் அதிகப் பிரயோஜனம் இல்லை. விரைவு வண்டிகள் இந்த ஸ்டேஷனைக் கண்டுகொள்ளாமல் பறக்கின்றன. நின்று போவது பாசஞ்சரும் மெமுவும்தான். அவற்றில் முன்பதிவு செய்ய ஒன்றுமில்லை. இங்கே வேண்டியது முன்பதிவில்லாத டிக்கெட்.

அதற்காகவே ரயில்வேயின் கணினிப் பிரிவான கிரிஸ் உருவாக்கிய யுடிஎஸ் செயலி 2014 டிசம்பரில் மும்பையில் அறிமுகமாகி, பிறகு நாடெங்கும் பரவியது. 2025 ஜூலை 1-ல் வந்த ரயில்ஒன் செயலி அந்த வேலையையும், முன்பதிவு, பிளாட்பாரம் டிக்கெட், வண்டி எங்கே வருகிறது என்ற விவரம், புகார் ஆகியவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. கவுன்டரில் சில்லறைக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

ஆனால் விதிகள் தெரியாவிட்டால் வில்லங்கம். வண்டி கிளம்பிய பிறகு பரிசோதகரைப் பார்த்ததும் டிக்கெட் எடுக்கிற சாமர்த்தியத்தை ரயில்வே முன்பே யோசித்துவிட்டது. தண்டவாளத்தை ஒட்டியோ ரயிலுக்குள்ளோ இருந்தபடி காகிதமில்லா டிக்கெட் எடுக்கச் செயலி அனுமதிக்காது. ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் படம்பிடித்துத்தான் எடுக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணம் என்றால் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப் பின் வரும் முதல் வண்டியில், கிளம்பியாக வேண்டும். மிக முக்கியமானது, டிக்கெட்டைச் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். திரையைப் படம்பிடித்து மகனுக்கு அனுப்பினால் அது டிக்கெட் ஆகாது. பாட்டரி தீர்ந்து செல்போன் அணைந்துவிட்டால், காசு கட்டியிருந்தும் அந்தப் பயணி டிக்கெட் இல்லாதவர்தான். அபராதம் குறைந்தபட்சம் 250 ரூபாய். கட்டணம் தனி. குடுபல்லியிலிருந்து பெங்களூருக்குப் போகும் தினக்கூலிக்காரருக்கு அது சில்லறைக் காசு அல்ல.

வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ரயில்வேயின் சொந்த என்.டி.இ.எஸ். இருக்கிறது. அதற்கு இன்டர்நெட் வேண்டும். இந்தப் பாதைக்கென்றே தைத்த சட்டை போலப் பொருந்துவது இன்னொன்று: 'வேர் இஸ் மை ட்ரெயின்'. பெங்களூரில் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது. 2018 டிசம்பரில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதன் சூட்சுமம் எளிமையானது. ரயில் எந்தெந்த செல்போன் கோபுரங்களைக் கடக்கிறது என்பதை வைத்தே அது வண்டி இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. கால அட்டவணை செல்போனுக்குள்ளேயே இருப்பதால் இன்டர்நெட்டும் வேண்டாம், ஜி.பி.எஸ்ஸும் வேண்டாம். இறங்கும் ஸ்டேஷன் நெருங்கினால் அலாரம் அடித்து எழுப்பும். இருட்டில், பெயர்ப் பலகை தெரியாத சின்ன ஸ்டேஷனில் இறங்க வேண்டியவருக்கு அந்த அலாரம் ஒரு துணை ஆள் மாதிரி. ஆனால் ஒன்று: ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இந்தக் கோபுரக் கணக்கு. பிளாட்பாரத்தில் காத்திருப்பவர் வழக்கம்போல இன்டர்நெட்டைத்தான் நம்ப வேண்டும்.

பஸ்ஸுக்கு மூன்று கதவு

பஸ் விஷயத்தில் நிலைமை சிக்கல். ஆந்திர அரசு பஸ்ஸுக்கு ஒரு செயலி, தமிழக அரசு பஸ்ஸுக்கு ஒன்று, கர்நாடகத்துக்கு இன்னொன்று. கே.எஸ்.ஆர்.டி.சி. என்று தேடினால் கேரளக்காரர்களும் கூடவே வந்து நிற்பார்கள். அந்த ஐந்தெழுத்துக்காக இரு மாநிலங்களும் கோர்ட் வரை போன விவகாரம் ஊரறிந்தது. ஆந்திரக் கழகம் பஸ் எங்கே வருகிறது என்று காட்ட 'லைவ் ட்ராக்' என்று தனிச் செயலி வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 30 முதல் 'மன மித்ரா' என்ற பெயரில் வாட்ஸ்அப் வழியாகவே அரசு சேவைகளைத் தருகிறது ஆந்திர அரசு. 161 சேவைகளோடு தொடங்கிய அந்தப் பட்டியலில் பஸ் டிக்கெட்டும் அடக்கம். தனியாக ஒரு செயலியை இறக்க இடமில்லாத பழைய செல்போன்காரர்களுக்கு இது வசதி.

ஆனால் இந்தச் செயலிகளெல்லாம் பெரும்பாலும் முன்பதிவு உள்ள தூர பஸ்களுக்குத்தான். கிராமத்துக்குக் கிராமம் போகும் பல்லெ வெலுகு பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று டீக்கடையில் கேட்பதுதான் இன்றும் நம்பகமான முறை. ஷேர் ஆட்டோவும் அப்படியே. 2022-ல் பெங்களூரில் ஆட்டோக்காரர்களுக்காக வந்த 'நம்ம யாத்ரி' அந்த நகரத்தில் கைகொடுக்கும். இங்கே ஆட்டோ நிரம்பினால்தான் நகரும். எந்தச் செயலியும் அந்தச் சட்டத்தை மாற்றியதில்லை.

பெண் பயணிகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் இலவசம். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-லும், ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15-லும் இலவசப் பயணம் வந்தது. ஆனால் இந்த இரண்டும் அந்தந்த மாநிலத்தவருக்கு மட்டுமே. அடையாள அட்டை காட்ட வேண்டும். எல்லை தாண்டும் வண்டிகளுக்குப் பொருந்தாது. ஆக, குப்பம் வரை இலவசமாக வந்தவர் அடுத்த பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

எழுத்து தெரியாத ஊரில்

சந்தைப் பேச்சில் தமிழ் செல்லுபடியாகிற ஊரில் எழுத்து மட்டும் தெலுங்கு. பஸ்ஸின் நெற்றிப் பலகை, ஆஸ்பத்திரி வார்டு, மருந்துச் சீட்டின் குறிப்பு எல்லாம் அதில்தான். இங்கே செல்போனின் கேமரா கண்ணாடியாகிறது. 2011 ஜூனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டது கூகுள் ட்ரான்ஸ்லேட். 2018-லிருந்து இம்மொழிகளை இன்டர்நெட் இல்லாமலும் மொழிபெயர்க்க முடிகிறது, முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருந்தால். பலகையைப் படம்பிடித்தால் அர்த்தம் வந்துவிடும். மத்திய அரசும் 2022 ஜூலையில் 'பாஷினி' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது.

பஸ் பலகைக்கு இது போதும். மருந்து விஷயத்தில் போதாது. 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' இரண்டும் இடம் மாறினால் பிழை திருத்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். மொழிபெயர்ப்பை நர்ஸிடம் ஒருமுறை வாயால் உறுதி செய்துகொள்வது நல்லது. பெரும்பாலும் பதில் தமிழிலேயே வரும்.

யானையைக் காட்டாத வரைபடம்

காரில் வருபவர்களுக்கு வேறு ஓர் எச்சரிக்கை. வரைபடச் செயலி குறுக்கு வழியை விரும்பும் ஜாதி. குப்பத்துக்கும் பலமநேருக்கும் இடைப்பட்ட காடுகள் கவுண்டின்யா சரணாலயத்தைச் சேர்ந்தவை. 1980-களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்த யானைகள் இங்கே நிரந்தரவாசிகளாகிவிட்டன. பயிர்ச் சேதமும் உயிர்ச் சேதமும் தொடர, கர்நாடகம் 2025 மே மாதம் நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. செல்போன் காட்டும் நீலக் கோட்டுக்கு இதெல்லாம் தெரியாது. பத்து நிமிடம் மிச்சம் என்று இரவில் காட்டுப் பாதையில் திருப்பிவிடும்.

அதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே ஒரு கொடூர உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வழிகாட்டும் செயலியை நம்பிப் போன கார், முடிக்கப்படாத பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். இருட்டிய பிறகு பெரிய சாலையை விடாமல் போவது, கடைசிப் பெட்ரோல் பங்கில் வழி கேட்டுக்கொள்வது என்ற பழைய லாரி டிரைவர் புத்தி இன்றும் காலாவதியாகவில்லை.

வானத்துக்கும் ஒரு செயலி உண்டு. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி', சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழும் அபாயம் இருந்தால் எச்சரிக்கும். கோடை மழைக்காலத்தில் திறந்தவெளியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ள வேண்டியது இது. அவசரத்துக்கு 112. அதற்கும் ஒரு செயலி இருக்கிறது. ஆனால் செயலி இல்லாமலே எண்ணை அழுத்தலாம். எந்த மாநில எல்லையில் நின்றாலும் அதே எண்.

காசும் கோவிந்தாவும்

2016 ஏப்ரலில் பிறந்த யு.பி.ஐ. இன்று எல்லையோர இளநீர்க் கடை வரை வந்துவிட்டது. மூன்று மாநிலத்துக்கும் பொதுவாக, மொழி கேட்காமல் வேலை செய்யும் ஒரே சங்கதி அதுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் அது தடுமாறி நின்றபோது, கையில் நோட்டு இல்லாதவர்கள் கடை வாசலில் திருதிருவென்று விழித்தார்கள். திருவிழா நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுக்கும்போதும் இதே கதிதான். இன்டர்நெட் இல்லாமல் *99# அழுத்திப் பணம் அனுப்பும் வழி இருக்கிறது. சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய் இருப்பது அதைவிட எளிய வழி.

இந்தப் பக்கம் வரும் தமிழர்களில் பலருக்கு அடுத்த நிறுத்தம் திருப்பதி. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர், இப்போது தனி மாவட்டத்தின் தலைநகர். தேவஸ்தானத்தின் செயலி 2023 ஜனவரியில் வந்தது. 300 ரூபாய் தரிசன டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடுவதால், கடைசி நேரத்தில் தேடுபவர்கள் போலி இணையதளங்களின் வாயில் விழுகிறார்கள். போலிகளைப் பற்றி தேவஸ்தானமே பலமுறை எச்சரித்திருக்கிறது. கோயில் வாசல் வரை வந்த பிறகு டிக்கெட் போலி என்று தெரிவதைவிட ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஏமாற்றம் எதுவுமில்லை. அரசின் முகவரியா, அரசின் செயலியா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது ஒன்றே தற்காப்பு. பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

முன்பே வந்த எதிர்காலம்

சந்திரபாபு நாயுடு 1989 முதல் ஜெயித்து வரும் இந்தக் குப்பம் தொகுதிக்குத் தொழில்நுட்பம் புதிதல்ல. 2002-ல் ஹியூலட் பாக்கார்ட் நிறுவனம் ஆந்திர அரசோடு சேர்ந்து இங்கே 'ஐ-கம்யூனிட்டி' என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. சுய உதவிக் குழுப் பெண்கள், சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் டிஜிட்டல் கேமராவையும் பிரின்டரையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் படம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். மூன்று ஆண்டுகளில் திட்டம் முடிந்தது, நிறுவனம் கிளம்பியது. அந்தப் பெண்கள் சுமந்த கேமரா, பிரின்டர், மையத்துக் கம்ப்யூட்டர் அத்தனையின் வேலையையும் இன்று மெமு வண்டியில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் செல்போன் செய்கிறது.

அவரிடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. தினமும் போகிறவர்களின் செல்போனில் செயலிகள் அதிகம் இருப்பதில்லை. டிக்கெட்டுக்கு ஒன்று, வண்டி பார்க்க ஒன்று, காசு கொடுக்க ஒன்று. புதிதாக வருபவர் கூடுதலாக வரைபடத்தையும் மூன்று மொழிகளையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், காகிதத்தில் எழுதிய இரண்டு போன் நம்பர். அவ்வளவுதான் சாமான்.

மிச்சத்துக்குக் குடுபல்லி பிளாட்பாரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரலாம். கன்னடத்தில் யாராவது திருத்தலாம். வழி தவறாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழிக்கு சார்ஜர் தேவைப்படுவதில்லை.